கடைசி ‘கால்’ முடிந்த பிறகு சாப்பாடு: மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு,



மருந்துப் பிரதிநிதியின் மாதம் எச்.கியூ., எக்ஸ்-ஸ்டேஷன், அவுட்ஸ்டேஷன் என்று மூன்றாகப் பிரிகிறது. முதல் இரண்டிலும் எவ்வளவு நேரமானாலும் இரவு வீடு வந்து சேர்ந்துவிடலாம். அவுட்ஸ்டேஷன் என்றால் லாட்ஜ் அறையும் ஓட்டல் சாப்பாடும்தான். வேலையில் சேர்ந்த புதிதில் தைத்த பேன்ட் சில ஆண்டுகளிலேயே இடுப்பில் ஏறாமல் போவது இந்தத் தொழிலில் பலருக்கும் நேர்கிறது. வெளிச்சாப்பாடுதான் காரணம் என்று சொல்லி அதை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் இட்லி, கீரை, கூட்டு, அவித்த முட்டை, மோர் கிடைக்கின்றன. அவற்றைச் சாப்பிட்டு யாரும் பெருத்துவிடுவதில்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்பதோடு, எத்தனை மணிக்கு எந்த அளவு பசியில் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு பிடிபடும். டூர் புரோகிராமில் டாக்டர்களின் பெயரும் ஸ்டாக்கிஸ்ட்டின் பெயரும் நாள்வாரியாக இடம்பெறுகின்றன. சாப்பாட்டுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எடை கூடுவது அங்கேதான் தொடங்குகிறது.

வழக்கமான ஓர் அவுட்ஸ்டேஷன் நாளை எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலை பஸ் ஏறி, எட்டு மணி வாக்கில் ஊர் சேர்ந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே பொங்கல், வடையோடு நாள் தொடங்குகிறது. பத்து மணிக்கு மேல் கிளினிக் வாசல். கடைசி நோயாளி போன பிறகே பிரதிநிதிகளை அழைக்கும் டாக்டர்கள் பலர். அதனால் மதியச் சாப்பாடு இரண்டரை, மூன்று மணிக்குத் தள்ளிப்போகும். பிறகு மருந்துக் கடைகள், ஸ்டாக்கிஸ்ட். ஆறு மணிக்கு மாலை ஓ.பி. தொடங்கும். பேர்பெற்ற டாக்டரின் கூட்டம் கலைய ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அந்தக் கடைசி ‘கால்’, அதாவது டாக்டர் சந்திப்பு, முடிந்து தெருவுக்கு வரும்போது மெஸ்களில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். கொத்து பரோட்டா போடும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். மதியத்துக்கும் இதற்கும் இடையே ஏழெட்டு மணி நேரம். அதை ஓட்டியவை டீயும் ஒன்றிரண்டு பஜ்ஜியும். நாள் முழுதும் தேங்கிய பசியோடு, நாளிலேயே கனமான சாப்பாடு, படுக்கப்போகும் நேரத்தில் வயிற்றுக்குள் போகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஏறக்குறைய இதே நிலையைச் சோதித்தது. உடல்நலம் உள்ள 20 பேருக்கு ஒரே உணவு ஒருமுறை மாலை 6 மணிக்கும் இன்னொருமுறை இரவு 10 மணிக்கும் தரப்பட்டது. இரண்டு நாளும் 11 மணிக்கு உறக்கம். பத்து மணிக்குச் சாப்பிட்ட இரவில் ரத்தச் சர்க்கரையின் உச்சம் 18 விழுக்காடு அளவுக்கு உயர்ந்திருந்தது. உடல் எரித்த கொழுப்பு 10 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், இரவு நேரத்தில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது என்று வேறு பல சோதனைகளும் காட்டியிருப்பதோடு இது பொருந்திப்போகிறது. அங்கே சோதனைக்காக ஓரிரவு செய்யப்பட்டது, இந்தத் தொழிலில் மாதத்தில் பல இரவுகள் நடக்கிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்காகப் பயணம் போகிறவர்கள் உட்பட 13,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடல்பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. மாதத்தில் 20 இரவுகளுக்கு மேல் வெளியூரில் தங்கியவர்களிடம் உடற்பருமன் அதிகமாக இருந்தது. மாதம் ஓர் இரவு முதல் ஆறு இரவு வரை மட்டும் வெளியே தங்கியவர்களின் நிலை அவர்களைவிட நன்றாகவே இருந்தது. பயணம் தன்னளவில் கெடுதல் இல்லை; அது வாழ்க்கை முறையாகவே மாறிப்போகும்போதுதான் உடம்பு அதைக் காட்டுகிறது.

உடம்பு காட்டுவதை இந்தியர்கள் காலம் கடந்தே கவனிக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2004-இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் ஒரு படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றுதான், 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியரின் வயிற்றுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்தியர்களுக்கான எல்லைகள் தாழ்த்தி வைக்கப்பட்டுள்ளன: உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடற்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடுதழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வந்தன. நாட்டில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. நாளெல்லாம் மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன் லிட்டரேச்சரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இந்த எண்கள் புதியவை இல்லை. அவை தங்களையும் குறிக்கின்றன என்பதுதான் பலருக்கும் உறைப்பதில்லை.

செய்யக்கூடிய மாற்றங்களில் பெரிய பலன் தருவது ஒன்றுதான்: இரவுச் சாப்பாட்டைக் கடைசி டாக்டருக்கு முன்னால் கொண்டுவருவது. மாலை ஓ.பி.க்குப் போவதற்கு முன், ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில், டீ-பஜ்ஜி சாப்பிடும் அதே அரைமணி நேரத்தில் முழு டிபனை முடித்துவிடலாம். தமிழ்நாட்டு ஓட்டல்களில் ஐந்தரை, ஆறுக்கெல்லாம் மாலை டிபன் தயாராகிவிடுகிறது. புதிதாக இறக்கிய இட்லி, இடியாப்பம், எண்ணெய் குறைத்த தோசை, சப்பாத்தி எல்லாம் அப்போதுதான் சூடாகக் கிடைக்கும். மூன்று நான்கு இட்லியோடு ஒரு கிண்ணம் சாம்பாரும் இரண்டு அவித்த முட்டையும், சைவமானால் ஒரு பொட்டலம் சுண்டலும் சேர்ந்தால் அது முறையான இரவுச் சாப்பாடு. டாக்டர் வீட்டு வாசலில் ஒன்பதரை வரை காத்திருந்தாலும் வயிறு கிள்ளாது. பேச்சிலும் சோர்வு தெரியாது. பத்து மணிக்கு அறைக்குத் திரும்பியதும் ஒரு தம்ளர் பாலோ மோரோ, ஒரு வாழைப்பழமோ போதும்.

இதற்குத் தடை பெரும்பாலும் பழக்கமும் பக்கத்து ஆட்களும்தான். ஏரியா மேனேஜர் உடன் வரும் ஜாயிண்ட் ஒர்க் நாளில், எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு சடங்காகவே இருக்கிறது. அன்றைய வேலையைப் பற்றிய பேச்சு அங்கேதான் நடக்கும். அந்தப் பேச்சை ஆறரை மணி டிபனுக்கு மாற்றுவது மேனேஜர்கள் கையில் இருக்கிறது. அவர்களில் பலருக்கும் இதே இடுப்புச் சுற்றளவும் இதே ரத்த அழுத்தமும்தான் என்பதால் இது அவர்களுக்கும் சொல்லப்படுவதே.

தவிர்க்கவே முடியாமல் பத்தரை மணிக்குச் சாப்பிட நேர்ந்தால் அளவில்தான் கவனம் வேண்டும். சாதாரண அளவுள்ள ஒரு பரோட்டாவில் சுமார் 250 கலோரி இருக்கும். மைதாவும் எண்ணெயும் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று பரோட்டாவும் சால்னாவும் ஓர் ஆம்லெட்டும் ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் வேண்டியதில் ஏறக்குறைய பாதி அது. விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா பொரித்தே எடுக்கப்படுவது. அதன் கணக்கு இன்னும் மேலே. பரோட்டாக் கடையிலேயே இரண்டு முட்டையில் ஓர் ஆம்லெட்டும் ஒரு தோசையும் சொல்லி எழுந்துவிடலாம். பரோட்டாதான் வேண்டுமென்றால் ஒன்று, கூடவே வெங்காயமும் முட்டையும், சால்னா தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும். பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றி ஊறவைத்தால், மேலே மிதக்கும் எண்ணெய் முழுவதும் உள்ளே போகிறது.

அடுத்துப் பேச வேண்டியது டீ. கிளினிக் வாசலில் காத்திருக்கும் தொழிலில் டீயை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ஒரு டீயில் சுமார் 10 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த மேல்வரம்பும் அதுதான். அதைப் பாதியாக, அதாவது 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. அந்த 50 கிராமில் இனிப்பு, ஜூஸ், பிஸ்கட் எதுவும் இன்னும் சேரவில்லை. டீ மாஸ்டரிடம் ‘வித்தவுட்’ என்று சொன்னால் போதும், தமிழ்நாடு முழுக்கப் புரியும். முதல் வாரம் நாக்கு அடம்பிடிக்கும், பிறகு சர்க்கரை போட்ட டீ திகட்டத் தொடங்கிவிடும். ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் அரைச் சர்க்கரைக்கு வரலாம். டீயோடு கை நீளும் வடைதான் கூடுதல் ஆபத்து. ஒரு மெதுவடையில் இருக்கும் கலோரி இரண்டு மூன்று இட்லிக்குச் சமம். காலையில் காய்ந்த எண்ணெயே மாலைவரை கொதித்துக்கொண்டிருக்கும் கடைகளும் உண்டு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகும் கேடான சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் தெருவோரக் கடாயில் அதை அளந்து பார்ப்பவர் யார்? எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அந்தக் கடையைக் கடந்துவிடுவதே பாதுகாப்பு. தள்ளுவண்டிச் சுண்டலும் வேகவைத்த கடலையும் வடையைவிட விலை கூடியவையும் அல்ல.

மதியச் சாப்பாட்டில் மெஸ் என்பது உண்மையில் நல்ல வாய்ப்பு.   ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் காய்கறி, கீரை 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று வகுத்திருக்கிறது. இவை சமைப்பதற்கு முந்தைய எடை. இலையில் வைக்கப்படும் சாப்பாட்டை இதோடு ஒப்பிட்டால் காய் ஓரத்தில் இரண்டு கரண்டி, சோறு நடுவில் மலை. இந்த விகிதத்தை மாற்றுவது சாப்பிடுபவர் கையில்தான் இருக்கிறது. பொரியலையும் கூட்டையும் இரண்டாம் முறை கேட்டால் எந்த மெஸ்ஸிலும் முகம் சுளிக்க மாட்டார்கள். முதலில் வைக்கும் சோற்றையே சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் பங்கிட்டுக்கொண்டு, மறுசோறு வரும்போது இலையின்மேல் கையைக் காட்டிவிட வேண்டும். பொரியல், கூட்டு, முட்டை அல்லது மீனை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வருவதும் பயன் தரும். காயையும் புரதத்தையும் முதலில் உண்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015-இல் நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்திய சோதனை காட்டியது. அப்பளம், ஊறுகாய், வறுவல் மூன்றும் உப்பையும் எண்ணெயையும் சேர்க்கின்றன. நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பில் பெரும்பகுதி ஓட்டல் குழம்பிலேயே முடிந்துபோயிருக்கும். மூன்று மணிவரை மதியச் சாப்பாடு தள்ளும் நாளில் பன்னிரண்டு மணிக்கு ஒரு கொய்யாவோ ஒரு கைப்பிடி நிலக்கடலையோ சாப்பிட்டிருந்தால் மறுசோற்றுக்குக் கை நீளாது.

காலை உணவில் சொல்ல அதிகம் இல்லை. நெய் மிதக்கும் பொங்கலையும் பூரியையும் தினசரிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் ஒரு முட்டை சேர்த்துக்கொண்டால் போதும்.

வழியிலுள்ள ஊர்களின் தின்பண்டம் வேறொரு கதை. மதுரையிலிருந்து தெற்கே நான்குவழிச் சாலையில் இறங்கினால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி. விருதுநகரைத் தாண்டினால் சாத்தூர்ச் சேவு, பக்கவாட்டில் திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், நெல்லையில் அல்வா. மேற்கே பழனி வழி என்றால் ஆயக்குடிக் கொய்யா. எப்போதோ ஒருமுறை அந்த ஊருக்குப் போகிறவர் வாங்கிச் சாப்பிடுவது இயல்பு, அந்த ருசியை மறுப்பதற்கில்லை. மாதம் தவறாமல் அதே தடத்தில் போகிறவர் ஒவ்வொரு முறையும் வாங்கினால் அது பலகாரமாக இல்லாமல் அன்றாட உணவாகிவிடுகிறது. வீட்டுக்கு என்று வாங்கிய பொட்டலம் லாட்ஜ் அறையிலேயே பிரிக்கப்படுவதும் உண்டு. ஊருக்குத் திரும்பும் நாளில் மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். ஆயக்குடிக் கொய்யாவுக்கு அந்தத் தடை வேண்டாம். பருவத்தில் எத்தனை வேண்டுமானாலும் பையில் போட்டுக்கொள்ளலாம். உழவர் சந்தைகளும் இதற்கு உதவும். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று பல ஊர்களில் இருக்கிறது. காலையில் ஊர் சேர்ந்தவுடன் வெள்ளரி, கேரட், கொய்யா வாங்கி வைத்தால் அன்றைய நாளுக்குப் போதும்.

சாம்பிளும் விஷுவல் எய்டும் நிறைந்த பையில் இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் பேருந்து நிலையக் கடைகளின் பிடி தளரும். பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, இரண்டு பழம், ஒரு தண்ணீர் பாட்டில்: அவ்வளவுதான் சுமை. பிஸ்கட், கேக், சிப்ஸ் போன்ற ஆலைத் தயாரிப்புகளின் சிக்கல் கலோரியோடு நிற்பதில்லை. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து நடத்திய சோதனையில், அத்தகைய உணவு கிடைத்த இரண்டு வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலேயே நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஏறக்குறைய 0.9 கிலோ எடை கூடினார்கள். இரண்டு வகை உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகவே வைக்கப்பட்டிருந்தன. இரவு பஸ் நெடுஞ்சாலை மோட்டலில் நிற்கும்போது இறங்கி, கைகால் நீட்டி, நாலு தப்படி நடந்துவிட்டு ஏறிவிடுவதே நல்லது. அந்த வேளையில் வருவது பெரும்பாலும் பசியும் இல்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது பெண் பிரதிநிதிகளின் நிலையைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நாள் முழுதும் தெருவில் சுற்றும் வேலையில் சுத்தமான கழிப்பறை கிடைப்பதில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் பலர். அதன் விளைவு தலைவலியும் சிறுநீர்த் தொற்றும். பெரிய மருத்துவமனைகளையும் ஸ்கேன் மையங்களையும் நாளின் பாதையில் இடைவெளிவிட்டு அமைத்துக்கொண்டால் அங்குள்ள கழிப்பறைகளைப் பயன்படுத்தலாம். இதை ஒரு தனிமனுஷியின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது நியாயமில்லை. டூர் புரோகிராமைப் போடும் மேலாளர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

‘நாள் பூராவும் அலைகிறோமே, அதுவே உடற்பயிற்சி இல்லையா’ என்ற எண்ணம் இந்தத் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. பைக்கிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்திருப்பதும், வாசலில் நிற்பதும் களைப்பைத் தரும். உடம்பை உழைக்க வைக்காது. 1953-இல் ஆய்வாளர் ஜெரி மாரிஸ் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்தபோது, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட இதய நோய் அதிகம் என்று கண்டார். பிறகு 1956-இல் அவர்களுடைய சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தார்; ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவே பெரிதாக இருந்தது. வேலையில் சேர்ந்தபோதே அவர்கள் சற்றுப் பருத்தவர்களாக இருந்திருக்கலாம் என்பதை அவரே எடுத்துக்காட்டினார் என்றாலும், உட்கார்ந்த வேலையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுவே அடித்தளம்.

வெளியூரில் நடப்பதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. ஊர் சேர்ந்ததும் லாட்ஜிலிருந்து முதல் கிளினிக்குக்கு ஆட்டோ பிடிக்காமல் நடக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் தணியும். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அடையாளம் காட்டியிருக்கிறது. மாவட்டத் தலைநகரில் தங்கும் காலையில் அதில் பாதியாவது நடந்துவிடலாம். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வேகநடை என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட குறைந்தபட்சக் கணக்கு.

உறக்கமும் எடைக் கணக்கில் சேரும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டபோது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அவர்களுக்கு ஆசை போனது இனிப்பின் மீதும் மாவுப் பண்டங்கள் மீதும்தான். விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு எழுகிற நாளில், முந்தின இரவு ரிப்போர்ட் அனுப்பியதும் செல்போனை வைத்துவிட்டுப் படுப்பது எடைக்கும் நல்லது.

மது பற்றிச் சுருக்கமாக: 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹாலிலிருந்து மட்டுமே ஏறக்குறைய 425 கலோரி. தொட்டுக்கொள்ளும் வறுவலும் அதன் பிறகு வரும் பரோட்டாவும் வேறு. டார்கெட் நெருக்கும் மாதக் கடைசியின் தனிமைக்கு இது மருந்தில்லை. நட்சத்திர ஓட்டல்களில் நடக்கும் சைக்கிள் மீட்டிங்குகளில் பஃபேயை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, காயும் புரதமும் முதல் தட்டில், இனிப்பு ஒன்றே ஒன்று கடைசியில் என்று எடுத்தால் அந்த இரண்டு மூன்று நாளும் கெடாது.

அளந்து பார்க்காமல் இவை எதுவும் நிலைக்காது. வெளியூரில் எடைக்கருவி எப்போதும் கிடைக்காது; தையல் டேப் பையில் அடங்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில் அளந்து குறித்து வைத்தால் போதும். எடைமுள் நகரவில்லை என்று மனம் தளர வேண்டாம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, நடைப் பழக்கங்களை மாற்றியதால் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் அது. அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இந்தத் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய நினைவூட்டல்களைச் செல்போன் குறுஞ்செய்தியாக இரண்டு ஆண்டுகள் அனுப்பினார்கள். செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. டார்கெட்டும் குளோசிங்கும் பேசும் வாட்ஸ்அப் குழுவில் மாலை ஆறரைக்கு ‘சாப்பிட்டாச்சா’ என்று ஒரு வரி போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

முப்பது வயதைக் கடந்தவர்கள், முப்பதுக்குள் இருந்தாலும் குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1சி., ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். எச்.பி.ஏ.1சி. 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் அது முன்நீரிழிவு, 6.5-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ நீரிழிவு. ஏற்கெனவே கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரையிலோ இன்சுலினிலோ இருப்பவர்கள் எந்த வேளை உணவையும் தள்ளிப்போடக் கூடாது. மருந்தைப் போட்டுவிட்டுக் கிளினிக் வாசலில் காத்திருக்கும்போது சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர்கள் குளுக்கோஸைச் சட்டைப் பையில் வைத்திருப்பதும், இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவரும்போது மாத்திரை நேரத்தைத் தங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதும் அவசியம். மாதத்தில் நூறு டாக்டர்களைப் பார்ப்பவர்கள் அதில் ஒருவரிடம் நோயாளியாகவும் உட்கார வேண்டும்.